இரண்டு நொடி முனகல்

சாவியை முதல் படிக்குத் திருப்பினால்
பின் சீட்டுக்கு அடியில் ஒரு முனகல் எழும்.
இரண்டு நொடி, அவ்வளவுதான்.
பதினோரு வருடம் இந்த வண்டியில் ஏறி இறங்கியும்
அது என் காதில் விழுந்ததே இல்லை,
நின்றுபோகும் வரை.

பட்டகோனியாவில்,
கோபெர்னதோர் கிரெகோரெஸுக்கு
இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர் இருக்க,
சரளைச் சாலையில் எங்கள் கங்கூ
இருமுறை விக்கி மூச்சை விட்டது.
ஸ்டார்ட்டர் சுற்றியது. பேட்டரி திடமாக இருந்தது.
எஞ்சினுக்குத்தான் எதுவும் வந்து சேரவில்லை.

ரமிரோ போய் பானெட்டைத் திறந்தான்.
பிரச்சினை பின்னால் இருந்தாலும்
முதலில் முன்னால் திறப்பது அவன் வழக்கம்.
காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

பின் சீட்டில் மைத்தே.
பல் பிடுங்கிய ஊசியில் முகத்தில் பாதி மரத்துப்போய்,
மிச்ச உதட்டால் கேட்டாள்:
"பெத்தோல் தீந்துபோத்தா?"
தீரவில்லை. முள் கால்வாசியில் நின்றது.
அதுதான் விஷயமே.
அந்த முள் அரையைத் தாண்டி நான் பார்த்தது
அவன் தங்கை கல்யாணத்துக்குப் போனபோது ஒருமுறை.
முழுகிக் குளிர்ந்து கிடக்க வேண்டிய பம்ப்
வருடக்கணக்காகக் கணுக்கால் அளவு பெட்ரோலில்
நின்று காய்ந்திருக்கிறது.

"பத்து லிட்டர், பத்து லிட்டர்னு போட்டா..."
ஆரம்பித்தேன்.
மீதி வாக்கியத்தைக் காற்று
ஏதாவது ஒரு குவானாகோவிடம் கொண்டு சேர்த்திருக்கும்.

ஒன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு லாரி. ஆட்டு லாரி.
ஓட்டுநர் இறங்கவில்லை.
கண்ணாடியை நான்கு விரல் மட்டும் இறக்கினார்.
"கீழே படுத்து டாங்க்கைத் தட்டுங்க.
கோபத்தைக் காட்டக் கூடாது, சும்மா தட்டணும்.
ஒருத்தர் தட்ட, ஒருத்தர் சாவி.
ஓட ஆரம்பிச்சா வீடு போற வரைக்கும் அணைக்காதீங்க."
ஆடுகள் திரும்பித் திரும்பிப்
பார்த்துக்கொண்டே போயின.

ரமிரோவுக்கு முதுகு வளையாது. நான் படுத்தேன்.
ஒரு பூட்ஸைக் கழற்றி அதன் குதிகாலால்.
யார் வயிற்றிலும் அடிக்காதே என்பார்கள்,
நான் அடித்தேன், வண்டியின் வயிற்றில்.

"இப்போ."
ஒன்றுமில்லை.
"இப்போ."
காலையிலிருந்து நாங்கள் பேசிக்கொண்ட
ஒரே சொல் அதுதான்.
"இப்போ."
"எப்போ?"
"இப்போன்னா இப்போ, ரமிரோ!"

ஏழோ எட்டோ தட்டியிருப்பேன்.
என் நெற்றிக்கு ஒரு சாண் மேலே,
தகரத்துக்குள் அடைபட்ட வண்டு ஒன்று
சிறகை உதறியது.
எஞ்சின் பிடித்துக்கொண்டது.
நான் எழுந்திருக்கவில்லை, கொஞ்ச நேரம்.
முதுகில் குத்திய சரளைகூட
அப்போது இதமாக இருந்தது.

பிறகு நாங்கள் மூவரும்
தூங்கும் குழந்தையைத் தூக்கிப்போகிறவர்கள் மாதிரி.
ரேடியோ போடவில்லை. ஹீட்டர் போடவில்லை.
மைத்தேவுக்கு அவசரம் வந்தபோது
எஞ்சின் ஓட ஓட, கதவு திறந்திருக்க,
என் கோட்டை விரித்து மறைப்பாகப் பிடித்தேன்.
ரமிரோ ஆக்சிலரேட்டரில் லேசாகக் கால் வைத்தபடி
வேறு திசையில் மலையைப் பார்த்தான்.
மலையே இல்லாத திசை அது.
மூவருக்கும் சிரிப்பு வந்தது,
மைத்தேவுக்குப் பாதி வாயில்.

வீட்டு முற்றத்தில் வந்து நின்றோம்.
இருவரும் சாவியைப் பார்த்தோம்.
அணைக்க மனம் வரவில்லை.
உள்ளே போனால் அவரவர் அறை,
அவரவர் பிளேட், அவரவர் முகம்.
பெட்ரோல்தான் வீணாகிக்கொண்டிருந்தது.
பத்து லிட்டர் கணக்குப் பார்க்கிற மனிதன்
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை பம்ப் வந்தது, பழையதுதான்,
வேறு ஒரு கங்கூவின் வயிற்றிலிருந்து எடுத்தது.
பின் சீட்டைத் தூக்கினோம்.
அடியில் பிளாஸ்டிக் குதிரை,
செல்லாத நாணயம் மூன்று, பிஸ்கெட் தூள்,
மங்கிப்போன பெட்ரோல் ரசீதுகள்.
பத்து லிட்டர். பத்து லிட்டர். எட்டு.
பாதிக்கு மேல் என் கையெழுத்து.

ரமிரோ ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.
படித்திருப்பான்.
மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
"ஸ்பேனர்" என்றான்.
கொடுத்தேன்.