கமாம்பேர், வாலாஜாபேட்டை

சிப்காட்டில் மூன்றாவது ஷெட்.
தோலை ரகம் பிரிப்பது என் வேலை.
கட்டைவிரலால் ஓர் அழுத்து:
கழுத்தா, வயிறா, முதுகா,
உண்ணி கடித்த இடமா,
முள்கம்பி கிழித்து ஆறிய இடமா,
விரல் சொல்லும். சாக்கட்டியால் எண் போடுவேன்.

சரக்கு பார்க்க வந்த சோலாஞ்ஜ் அம்மாள்
ஊருக்குப் புறப்படும்போது என் கையில் வைத்தாள்
சீவிய மரப்பட்டையில் ஒரு வட்டப் பெட்டி.
கமாம்பேர், என்றாள்.
நான் திருப்பிச் சொன்னதும் சிரித்தாள், மறுபடி சொன்னாள்.
மீதியெல்லாம் சைகை:
குளிரிலிருந்து எடு.
ஒரு மணிநேரம் காத்திரு.
பிறகு வெட்டு.

கணக்குப் பிரிவு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன்.
காலையில் கேஷியர் தீனதயாளன்
மூக்கில் கைக்குட்டையோடு ஷெட்டுக்கே வந்துவிட்டார்.
"இன்னாம்மா அது, எலி கிலி செத்துக் கீதா உள்ள?"
சுண்ணாம்புத் தொட்டிக்கு நாற்பதடி தள்ளி
இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்து
தயிர்சாதம் சாப்பிடுகிற மனிதர்.

சாயங்கால பஸ்ஸில்
கூட்டம் கம்பியில் தொங்கியபோதும்
என் பக்கத்து இருக்கை காலியாகவே வருவதை
அவரிடம் சொல்லவில்லை.
அன்றைக்கு அந்த இருக்கையில்
பெட்டி உட்கார்ந்து வந்தது.

அக்னி நட்சத்திரம், பதினொன்றாம் நாள்.
ஒரு மணிநேரம் என்று அவள் சொன்னது
அவள் ஊர் மணிநேரம்.
வாலாஜாவில் அதற்கு எத்தனை நிமிஷம்?
பக்கத்து வீட்டு தஸ்லீமா வந்து நின்றாள்,
அவள் தம்பி பேக்கரியின் நீள ரொட்டியோடு.
இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
பால் பொங்கக் காத்திருப்பதுபோல.

"பாலை எப்படி உறைய வச்சாங்க?"
கன்றுக்குட்டி வயிற்றில் ஏதோ ஒன்றாம், என்றேன்.
"யார் அறுத்த கன்று?"
தெரியவில்லை.
கன்றின் தோல் எந்த வழி போகும் என்று எனக்குத் தெரியும்.
வயிறு போகும் வழி
அந்த வாரம்தான் தெரிந்தது.
"அப்ப நான் துன்ன மாட்டேன். வெட்டித் தர்றேன்," என்றாள்,
கத்தியை வெந்நீரில் நனைக்கப் போனாள்.

மெழுகுத்தாள் பிரித்தேன்.
வெள்ளைப் பூசணம், சீராக, சாம்பல் கோடு ஓரிரண்டு.
ஓரத்தில் விறைப்பு. நடுவில் விட்டுக்கொடுத்தது.
பதினாலு நிமிஷம், என்றது கட்டைவிரல்.

தஸ்லீமா நடுவிலிருந்து வெட்டினாள்,
பிறந்தநாள் கேக்குக்கு வெட்டுவதுபோல்
ஆளுக்கொரு முக்கோணம்.
முதல் துண்டை இழுத்ததும்
உள்ளே இருந்தது மெல்ல வெளியே நடந்தது.
பாலாறு என்று ஊர் பெயர் வைத்த மணலை
நாற்பது வருஷமாகத் தாண்டுகிறேன்.
பால் ஓடி நான் பார்த்தது
இந்த எவர்சில்வர் தட்டில்.

என் பெண் எப்சிபா கேட்டாள்:
"தோலை உரிச்சிடணுமாம்மா?"

இல்லை. அதோடு சேர்த்துத்தான்.
சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.

முதலில் காளான். அப்புறம் வெண்ணெய், அப்புறம் உப்பு,
கடைசியில், தொண்டைக்குச் சற்று மேலே,
மழைக்காலத்து மாட்டுக்கொட்டகை.
எப்சிபா முகத்தைச் சுளித்தாள், இன்னொன்று கேட்டாள்.
ஜவ்வாது மலைத் தேன் இருந்தது, ரொட்டிமேல் ஒரு சொட்டு விட்டோம்.
அது எனக்குப் பிடிக்கவில்லை;
வாசத்தை மன்னிப்புக் கேட்க வைப்பதுபோல் இருந்தது.
தஸ்லீமா கத்தியை மட்டும்
இரண்டு முறை முகர்ந்தாள்.
"இவ்ளோ நாத்தத்துல இவ்ளோ சாந்தமா கீதே," என்றாள்.

பெட்டியில் இப்போது சாக்கட்டி வைத்திருக்கிறேன்.
மூடியைத் திறந்தால் லேசாக இன்னும் வரும்.
தீனதயாளன் ஷெட்டைத் தாண்டுகிற நேரமாகப் பார்த்து
எனக்கு
புதுக் கட்டி தேவைப்படுகிறது.