கட்டைவிரல்

வெயில் வேண்டாம் என்றேன்.
கோயில் சாவி வைத்திருந்த நோல்பெர்த்தோ சிரித்தார்:
"சிலோயேத் தீவுக்கு வந்து
அதை வேண்டாமென்று சொன்ன முதல் ஆள் நீங்கள்."

மழை நின்றிருந்தது,
அல்லது எங்கள்மேல் மட்டும் பெய்யவில்லை.
பின்வாசலில், நிழல் விழாத சாம்பல் வெளிச்சத்தில்
முழங்கை உயரப் பேதுருவை
மீன்பெட்டி ஒன்றின்மேல் நிறுத்தினோம்.
சைப்ரஸ் மரம். மூக்கில் ஒரு செதில் காணோம்.
குதிகாலைப் புழு தின்றிருந்ததால்
நிற்க மறுத்தார்.
"நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றார் நோல்பெர்த்தோ.

இருநூற்றுப் பதினான்கு படங்கள்.
அந்தாதி மாதிரி
ஒன்றின் ஓரத்தை எடுத்துக்கொண்டு
அடுத்தது தொடங்க வேண்டும்;
விட்டால் உரு அறுந்துபோகும்.
தாடிக்கு ஒரு சுற்று, இடுப்புக்கு ஒரு சுற்று,
அங்கி மடிப்புகளுக்காக மண்டியிட்டு ஒரு சுற்று.
அருகே ஓர் அளவுகோல்,
இல்லையென்றால் கணினிக்கு
அவர் மலையா மிளகா தெரியாது.
நான் சுற்றச் சுற்ற அவரும்
எனக்கு எதிர்ப்புறமாகக் குந்தியபடியே நகர்ந்தார்.
விரல் மட்டும் இடம் மாறவில்லை.

இரவு, காஸ்த்ரோவில், விடுதி அறையில்
கணினியின் விசிறி இரைய இரைய
புள்ளிகள் வந்தன.
முதலில் கொசுக்கூட்டம். பிறகு தோள்.
பிறகு, சந்தேகமில்லாமல், கையிலிருந்த திறவுகோல்கள்.
அசைந்த எதையும் அது நம்பவில்லை.
இருமுறை குறுக்கே போன நாய் இல்லை.
நோல்பெர்த்தோவின் தொப்பி இல்லை, கம்பளிச்சட்டை இல்லை,
முட்டிவலிக்கு அவர் வைத வசவுகள்
எப்படியும் இருக்கப்போவதில்லை.

பளபளப்பையும் அது நம்பாது.
கண்ணாடிக் கண்கள் இருந்த இடத்தில்
இரண்டு குழிகள்.

குதிகாலில் ஒரு கட்டைவிரல்.
நகத்தின் பிளவோடு, ரேகையோடு,
மரமும் தோலும் ஒரே வலையாக.

வெட்டலாம். தேர்ந்தெடுத்தேன், சிவப்பானது.
வெட்டினால் ஓட்டை விழும்;
ஓட்டையை மென்பொருள் ஊகித்து மூடும்.
ஊகத்துக்கு விரலே மேல் என்று தோன்றியது,
அல்லது எனக்குத் தூக்கம் வந்தது.

ஜூன் கடைசியில் திருவிழா.
மூலவர் வால்திவியாவில், மருந்துத் தொட்டியில்.
படகேறியது நகல்.
எடெல்மிரா என்பவள்
படகுக்கு வாங்கிய நீலப் பெயிண்டில் மிச்சமெடுத்து
கண் வைத்திருந்தாள், ஒன்று சற்றே பெரிதாக.

கரையில் வரிசை. ஒவ்வொருவரும் காலைத் தொட்டார்கள்.
"இதென்ன புடைப்பு?"
"மீன்முள் குத்தியிருக்கும். அவரும் வலை இழுத்தவர்தானே."
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.
என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நோல்பெர்த்தோவின் முறை வந்தது.
குனிந்தார், முத்தமிட்டார்,
சிலுவை போட்டுக்கொண்டு
பின்னால் நின்றவளுக்கு வழிவிட்டார்.

கொடிமரத்தருகே போய்
வலது கையுறையைக் கழற்றினார்.
நகத்தைப் பார்த்தார்.
மறுபடி மாட்டிக்கொண்டார்.