பின்பக்கம்

ரிஜைனா பொது நூலகத்தில்
மூன்று வாரத்துக்கு வாங்கிய புத்தகம்
நாலு கிலோ இருக்கும்.
ஆடைகளின் வரலாறு, படங்களுடன்.
தோலைப் போர்த்தியவனில் தொடங்கி
ஜிப் இழுத்தவனில் முடிகிறது.
நடுவே,
தலையைத் தட்டில் பரிமாறியது போல் காலர் கட்டிய பிரபுக்கள்,
கதவுக்குள் நண்டு நடை நடந்து நுழைந்த சீமாட்டிகள்,
செருப்பு நுனியைச் சங்கிலி போட்டு
முழங்காலில் மாட்டிக்கொண்ட ஒருவன்.
ஆயிரத்துச் சொச்சம் பேர்.
அத்தனை பேரும் என்னைப் பார்த்தே நிற்கிறார்கள்.

எனக்கு வேண்டியதோ முதுகு.

பகலில் முதுகுதான் பிழைப்பு.
ஹாக்கிச் சட்டைகளின் பின்னால் பெயர் தைக்கிறேன்.
லீ என்றால் ஐந்து நிமிடம்.
கோவல்சுக் என்றால் ஒரு தேநீர் ஆறிவிடும்.
திருச்சிற்றம்பலம் என்று என் பெயரைத் தைத்தால்
ஒரு அக்குளில் ஏறி மறு அக்குளில் இறங்கும்;
இதுவரை யாரும் கேட்கவில்லை.

இரவில் தேவாலயத்தின் நிலவறையில் நாடகக் குழு.
சம்பளம் இல்லை, காபி உண்டு.
இம்முறை ராணிக் கதை.
ஊரின் பெயரே ராணிதான்;
ராணியின் உடைக்கு ஒதுக்கியது அறுபது டாலர்.

ஓட்டல் திரைச்சீலையை வெட்டி
நானூற்றுப் பன்னிரண்டாம் படத்தை
அப்படியே எழுப்பிவிட்டேன், முன்னால்.
பின்னால் எதைக் கொண்டு மூடினார்கள்?
கொக்கியா, கயிறா, குண்டூசியா?
படத்துக்குக் கீழே
துணியின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு,
சிவப்புக்காக நசுக்கிய பூச்சிகளின் கணக்குகூட உண்டு.
மூடிவிட்டவளைப் பற்றி
ஒரு காற்புள்ளிகூட இல்லை.

எழுநூற்று மூன்றில் நம் கடற்கரைப் பெண் ஒருத்தி.
செதுக்கியவன் கட்டையைத் திருப்பிப் போட்டானோ என்னவோ,
முந்தானை வலத் தோளில்.
கொசுவத்தின் கீழ்மடிப்பை நீவிவிட
எவளோ குனிந்திருக்க வேண்டும்.
குனிந்தவள் சட்டத்துக்கு வெளியே.

கயிறு என்று முடிவு செய்தேன். இருபத்தாறு துளை.

டார்லீன் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு
மைனஸ் முப்பத்தொன்றிலிருந்து நேரே வருவாள்.
திரும்பி நிற்பாள்.
தோள்பட்டைக்குக் கீழே ஒரு தழும்பு;
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
மூச்சை இழு, என்பேன்.
இழுப்பாள்.
அரியணை ஏறுமுன் எல்லா ராணிகளும்
இப்படி யாரோ சொல்லித்தான்
மூச்சை அடக்கியிருப்பார்கள்.

இரண்டாம் நாள், மூன்றாம் காட்சி.
படைகளை அனுப்பு என்று அவள் கை உயர்த்தியதும்
கயிறு அறுந்தது.
சபைக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.
விளக்கு மங்கிய கணத்தில்
தவழ்ந்து போய் அரியணைக்குப் பின்னால் உட்கார்ந்து
மரச் சட்டங்களுக்கிடையே கைவிட்டு
இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தேன்.
பதினோரு நிமிடம்.
அவள் போர் தொடுத்தாள், தம்பியை மன்னித்தாள்,
பிறகு மனம் மாறித் தூக்கிலிட்டாள்.
ஒவ்வொரு தீர்ப்பும்
வாய்க்கு வருமுன்
விலா வழியாக என் கைக்கு வந்தது.

சனிக்கிழமைப் பத்திரிகையில் படம்:
நிமிர்ந்த ராணி, அவள் பெயர், குழுவின் பெயர்.
இடுப்பருகே, அச்சுக் கறை போல,
நான்கு பழுப்பு விரல் நுனிகள்.

வெட்டி எடுத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டில் செருகினேன்.

புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது
நூலகத்துப் பெண்
எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று புரட்டினாள்.
ஒன்று குறைகிறது, என்றேன்,
வாங்கும்போதே.