இருநூற்றுப் பதினான்கு தப்படி

நவம்பர் புயல் கொண்டுபோனவை:
மரப்படிகள் பதினேழு,
ஒரு பெஞ்சு,
"இங்கே சற்று உட்காரவும்" என்று நான் எழுதிய பலகை,
பலகை நின்ற நிலம்.

கணக்கு எழுதுவது என் பொறுப்பு.
ஸ்கல்லர்ஸ் கோவ் நடைபாதைக் குழுவில் ஐந்து பேர்,
இருவருக்கு முட்டி வலி.
நியூஃபவுண்ட்லாந்து வரைபடத்தில் எங்கள் ஊர்
அச்சுப் பிழை போல ஒரு புள்ளி.
காட் மீன் கைவிட்ட பிறகு
கோடையில் கரையேறுவது
முதுகுப்பையும் ஊன்றுகோலுமாய் வருகிறவர்கள்தான்.
தேநீர் கேட்பார்கள், கழிப்பறை கேட்பார்கள்,
திமிங்கிலம் எத்தனை மணிக்கு என்றும் கேட்பார்கள்.

பாதை முனைக்குப் போகிறது.
முனையில் ஒன்றுமில்லை.
காற்றுக்கு முதுகு காட்டியே வளர்ந்த
இடுப்புயர ஸ்ப்ரூஸ் மரங்கள்,
மூஸ் மான் போட்டுவிட்டுப் போன புழுக்கை,
அப்புறம் கடல்,
அப்புறமும் கடல்.
அதைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் வருகிறார்கள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் நிற்பேன்,
அந்த ஒன்றுமில்லாதது இருக்கிறதா என்று.

இப்போது நடுவில் இருபது கஜம் காணோம்.
பிட்டெடுத்த ரொட்டி மாதிரி மண்.
சுற்றிப் போக ஒரே வழி
லியாண்டர் ஃபட்ஜின் புல்வெளி.

பதினோரு வருடமாய் அவர் முடியாதென்கிறார்.
தலைவி வெர்னா கேக்கோடு போனாள்.
கேக் உள்ளே போயிற்று, வெர்னா வெளியே நின்றாள்.
மாகாண அதிகாரி கோப்போடு போனார்,
கோப்பு நனைந்து திரும்பியது.
நான் போகவில்லை.
அவர் மனைவி ஐடா
மீன் ஆலையில் என் எதிர்ப்பக்கம் நின்று செதில் சீவியவள்.
அவள் இறந்த வாரம் நான்
செயின்ட் ஜான்ஸில், கண்ணில் கட்டோடு.
ஊர் திரும்பியும் போகவில்லை.
நாள் கடந்த துக்கத்தை விசாரிக்க
எந்தக் கதவைத் தட்டுவது?

மார்ச்சில் குழு கூடியது.
"மூடிவிடலாம்" என்றான் கால்வின்.
ஆதரித்து ஒரு கை எழவில்லை,
எதிர்த்து ஒரு வாய் திறக்கவில்லை.
கெட்டில் மட்டும் கத்தியது.
தீர்மானம் என்ற இடத்தில்
ஒரு கோடு போட்டு வைத்தேன்.

ஜூன் தொடக்கம்.
பனிமலை ஒன்று விரிகுடா வாசலில்
முகவரி தொலைத்ததுபோல் நின்ற காலை,
"பாதை முடிகிறது" என்று எழுத
பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாகப் போனேன்.

லியாண்டரின் வேலியில் இரண்டு கம்பி இல்லை.
புல்லில் ஒரு பட்டை.
அறுக்கும் இயந்திரம்
ஒருமுறை போய் ஒருமுறை வந்த அகலம்.
கிணற்றை ஒட்டி, உருளைக்கிழங்குப் பாத்தியை ஒட்டி,
ஐடாவின் துணிக்கொடிக் கம்பத்தை மட்டும்
அரைவட்டமாய் விலகி,
மறுபடி பாறை ஓரத்துக்கு.

கம்பி இல்லாத இடத்தில் ஓர் அட்டை:
நாயைக் கட்டிக் கூட்டிவா.
கொடியைத் தொடாதே.
என்னோடு பேசாதே.
எழுத்துப் பிழை இரண்டு. தூரிகை கையில்தான் இருந்தது.
திருத்தவில்லை.

நடந்தேன்.
வரைபடத்துக்குத் தப்படி எண்ண வேண்டும்.
நூற்று ஆறில் சமையலறை ஜன்னல்.
உள்ளே ஒரு கோப்பை
வாய்க்குப் போகும் வழியில் நின்றது.
பேசக் கூடாது, சரி.
தொப்பியைக் கழற்றுவது பற்றி
அட்டையில் ஒன்றுமில்லை.
கழற்றினேன்.
எண்ணிக்கை தவறிவிட்டது.

திரும்ப வேலிக்குப் போய், ஒன்றிலிருந்து.
இரண்டாம் முறையும் அவர் ஜன்னலில் இருந்தார்.
கோப்பை இல்லை.

பெயின்ட் மிச்சம்.
அவருடைய வேலிக் கம்பத்திலேயே
விரல் நீளத்துக்கு ஓர் அம்பு வரைந்தேன், முனையைப் பார்த்து.
காய்கிற வரை பக்கத்தில் நின்றேன்,
யாரும் விரட்டவில்லை.

இரவு வெர்னாவுக்குப் போன் செய்தேன்.
இருநூற்றுப் பதினான்கு தப்படி கூடுதல்,
ஆனால் சமதளம்,
முட்டிக்கு நல்லது.