சென்ட், ரிட்டர்ன்

டாம்பெரே நகரில் பிப்ரவரி.
பழைய நெசவாலையின் நிலவறையில் வாடகைக்கு ஓர் அறை.
வாசலில் கழற்றிப் போட்ட பூட்சுகளைச் சுற்றி
மூன்று சிறு குளங்கள்.

ரௌனியின் ஆம்ப் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது.
செத்துத் தொலைத்திருந்தால் தேவலை,
தூக்கிப்போய் யாரிடமாவது காட்டலாம்.
இது பேசிக்கொண்டேதான் இருந்தது,
கம்பளிக்குள் வாயை வைத்து.
வால்யூம் பாதி.
தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரி
அவளுக்கென்று ஒரு கூர் உண்டே,
அதைக் காணோம்.

முதலில் கித்தார் கம்பிகளைச் சந்தேகப்பட்டாள், மாற்றினாள்.
அப்புறம் வால்வுகள். நான்கு. வாரச் சம்பளத்தில் பாதி.
அப்புறம் கேபிள்.
அப்புறம், எங்களிடம் சொல்லாமல், காது.
டாக்டர் ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து
பொத்தானை அழுத்தச் சொல்லி
"உங்கள் வேலைக்கு இது அதிசயம்" என்றாராம்.
மிச்சமிருந்தது விரல்கள்தான்.
அதை அவள் சொல்லவில்லை.
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்
இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

நான் ஹெம்மோ, டிரம்ஸ். அடிப்பது தவிர ஒன்றும் தெரியாது.
ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை ஆம்பின் முதுகை
எங்கள் பக்கம் திருப்பினாள்.
தூசி, திருகாணி, இரண்டு ஓட்டைகள்:
சென்ட். ரிட்டர்ன்.
ஒலி வெளியே போக ஒன்று, உள்ளே வர ஒன்று.
முன்பு மிர்க்காவின் எக்கோ பெடல்
இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.
மிர்க்கா வடக்கே போனபோது அதுவும் போயிற்று.
அவளுடையதுதானே.
இரண்டு குளிர்காலமாக அந்த ஓட்டைகளை யாரும் தொடவில்லை.

"சும்மா கிடக்கிற ஓட்டை என்ன செய்துவிடும்?" என்றான் வெசா,
பாஸ் கித்தாரைத் துடைத்தபடி.

சும்மா கிடக்கும்போதுதான் அதற்கு வேலை.
எதுவும் மாட்டாதபோது ரிட்டர்னுக்குள்
ஒரு சின்ன உலோக நாக்கு
இன்னொரு தகட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும்;
ஒலி அதன்மேல் நடந்துதான் அக்கரை போகும்.
யாரும் வராத வாசல் வழியாகத்தான்
இத்தனை நாளும் எல்லாம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு சாண் கேபிள் எடுத்தாள்.
ஒரு முனை சென்டில், மறுமுனை ரிட்டர்னில்.
ஒரே ஒரு ஈ மேஜர்.

நான் தொடாமலேயே என் ஸ்னேர் டிரம்
அடிவயிற்றுக் கம்பியோடு அதிர்ந்தது.
கழற்றினாள்: கம்பளி.
மாட்டினாள்: தகரம், ஆணி.
கழற்றினாள், மாட்டினாள்,
விளக்கு சுவிட்சைக் கண்டுபிடித்த பிள்ளை மாதிரி.

பிளக் முனையில் ஸ்ப்ரே அடித்து
உள்ளே விட்டு இழுத்தாள், நாற்பது தடவை.
எண்ணினேன், அது என் தொழில்.
துணியில் கண்மைக் கீற்றாக ஒரு கறுப்பு.
இரண்டு மாதத்துக்கும் காரணம் அவ்வளவுதான்.

பழையபடி நாலரையில் திருகி வைத்தாள்.
தொடங்கினோம். நாலாவது சுற்றில் நிறுத்திவிட்டாள்.
"நீங்கள் இருவரும் எங்கே?"

சொல்ல வேண்டியதாயிற்று.
டிசம்பரிலிருந்தே ஸ்னேர் மேல்
சமையலறைத் துண்டு விரித்திருக்கிறேன்.
அவளுக்கு மனசு சரியில்லை என்று நினைத்தேன்.
வெசா தன் வால்யூமை மாதத்துக்கு ஒரு கோடு இறக்கியிருக்கிறான்,
ரௌனிக்கு இப்போது இதுதான் பிடிக்கிறது என்று.
என்னிடம் அவனும் சொல்லவில்லை, அவனிடம் நானும்.
காதுக்குள் பொத்தான் அழுத்திக்கொண்டிருந்தவளிடம்
இருவருமே.

துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
உருவி எடுத்து
பூட்சுக் குளங்கள் மூன்றையும் துடைத்தாள்,
மூலை வரைக்கும்.

குட்டைக் கேபிளை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள்.
"அதுதான் சுத்தமாயிற்றே" என்றேன்.
"இருக்கட்டும். சும்மா விட்டால் மறுபடி கறுக்கும்."

வெசா தன் திருகைத் தேடினான்.
நான் கணக்கு எடுத்தேன்,
கொஞ்சம் வேகமாக.