பெருக்கல் குறி

எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுக வாசலுக்கு வரிசை கட்டி நின்ற டிரெய்லர் ஒன்று
இரவு பத்து நாற்பதுக்கு
ஒரு முழம் பின்னால் உருண்டது.
அந்த ஒரு முழத்துக்குள்
கிளீனர் டில்லிபாபுவின் முழங்கால் இருந்தது.

ஷேர் ஆட்டோவில் கிடத்திப்
பழைய ஜெயில் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.
விலகிய மூட்டு வழியெல்லாம் குலுங்கித்
தானே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது,
திருடிவிட்டு வந்து பந்தியில் அமர்ந்தவன்போல.
எக்ஸ்ரேயில் ஒரு கீறல் இல்லை.
"எலும்பு உடையல, கட்டுப் போட்டு அனுப்பு"
என்றார் எனக்கு மூத்தவர்,
அடுத்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்தபடி.
கூட வந்த மோசஸ் கைகூப்பினான்.

நான் புறங்காலைத் தொட்டேன்.
என் விரலின் துடிப்பையே நோயாளியின் துடிப்பென்று
முன்பு இரண்டு தடவை ஏமாந்தவள்.
அதனால் இடக்கையை என் கழுத்தில் வைத்துக்கொண்டேன்.
அங்கே மட்டும்தான் அடித்தது.

காசிமேட்டு ஐஸ்பெட்டி மாதிரிச் சில்லிட்டிருக்கும்
என்று நினைக்காதீர்கள்.
பாதம் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருந்தது.
அதுதான் பொய்.

கையில் பட்டை சுற்றினேன்: நூற்றிருபது.
கணுக்காலில் சுற்றி, ஜெல் தடவி,
டாப்ளரை வைத்துத் தேடினேன்: ஐம்பத்தாறு.
பத்தில் ஒன்பது பங்கு வந்தாலே நிம்மதி.
பாதிகூட வரவில்லை.
கால், அரை, முக்கால் என்று கற்ற கணக்கு
ஒரு காலுக்கு உதவும் என்று
எங்கள் டீச்சருக்கும் தெரிந்திருக்காது.

மூத்தவரைக் கூப்பிட்டேன்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை அவர்.
கடிகாரத்தைப் பார்த்தார். அது போதும்.

சி.டி.யில் மருந்து தொடை வழியாக இறங்கி
முழங்காலுக்குப் பின்னே நின்றது,
மழைநாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில்
நின்ற பஸ்போல.
தசை ஆறு மணி நேரம் பொறுக்கும் என்பார்கள்.
நாலு நாற்பது.
இப்போது ஒன்று இருபது.

கையெழுத்துப் போட வந்த நிரோஷா
பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்:
"அடிபட்டது இடது. நல்ல காலை ஏன் அறுக்கறீங்க?"
அதிலிருந்து ஒரு சிரை எடுத்து ஒட்டுப் போடணும் என்றேன்.
சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் இருக்கும்,
அதனால் தலைகீழாகத் திருப்பித் தைப்போம்.
"ஒன்வே மாதிரியா?"
ஆமாம்.
"நம்ம ஏரியா ஒன்வேல
எல்லாரும் எதிர்லதான் வருவாங்க" என்றாள்,
சிரிக்காமல்,
கையெழுத்துப் போட்டாள்.

வெளியே பார்க்க முழுசாகத்தான் இருந்தது தமனி.
உள்பூச்சு மட்டும் கிழிந்து,
வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவர்போல உரிந்து சுருண்டு,
அதன்மேல் ரத்தம் உறைந்திருந்தது.
பலூன் குழாயை அனுப்பி இழுத்தால்
கருஞ்சிவப்பில் மண்புழு நீளத்துக்கு வந்தது.
முடியைவிட மெல்லிய நூல்.
பெரியவர் தைக்க, நான் நூலைத் தளராமல் பிடித்திருந்தேன்.
மூக்கு அரித்தது. அதைத்தான் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

நாலு ஐந்துக்குக் கிளாம்பை எடுத்தார்கள்.
கெண்டைக்காலை இருபுறமும் நீளமாகத் திறந்துவிட்டோம்,
ரத்தம் திரும்பும்போது தசை வீங்கும்,
பொங்குகிற பாலை மூடி வைக்க முடியாது.

பிறகு டாப்ளர்.
கரகரப்பு. கரகரப்பு.
பிறகு, ஷ்வூ... ஷ்வூ...
கேட்ட இடத்தில் பால்பாயிண்டால்
ஒரு பெருக்கல் குறி போட்டேன்,
மணிக்கொரு தரம் சிஸ்டர்கள் தேடி அலையாமலிருக்க.

மூன்றாம் நாள்.
பெருவிரல் இன்னும் மேலே எழவில்லை.
நரம்பு எப்போ வரும் என்றான். தெரியாது என்றேன்.
வலது கால்தான் அதிகம் வலிக்குது என்று
திட்டவும் செய்தான்.
நிரோஷா ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்தாள்,
குறியைச் சுற்றி மட்டும், வாசல் கோலத்தைத் தாண்டுவதுபோல.
"அழிஞ்சா நாடி போயிடுமா?"
போகாது.
நம்பவில்லை.
மை மங்கியிருந்தது. என் பையிலிருந்து பேனாவை எடுத்து
தானே ஒன்று போட்டாள்,
அரை அங்குலம் தள்ளி.

டாப்ளரை அவள் போட்டதில் வைத்தேன்.
கொஞ்சம் மங்கலாக,
கேட்டது.