எடைக்காரன்

சிக்காசோப் பக்கம் ஒரு பருத்திச் சந்தையில்
பதினோரு வருஷம் எடை எழுதினேன்.
தராசு பொய் சொன்னதே இல்லை.
அதற்கு வாய், நான்.

முள் அறுபத்தெட்டில் நிற்கும்.
ஐம்பத்தெட்டு என்று உரக்கச் சொல்வேன்.
தலையசைத்துச் சாக்கை இறக்குவார்கள்,
நன்றியும் சொல்லி.
பத்துப் பத்துக் கிலோவாய்
என் வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது.

இந்த அறுவடைக்கு
மாசிதான் டெம்பெலே எதிரே வந்து நின்றாள்.
முதுகில் பிள்ளை, உள்ளங்கையில் பேனாக் கிறுக்கல்.
இரவு வகுப்பாம், பம்பாரா எழுத்தாம்,
ஒரே சூரிய விளக்குக்கு இருபத்து மூன்று பெண்களாம்.
கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

"ஐம்பத்தெட்டு."

முள்ளைப் பார்த்தாள்.
ஏட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.
நாக்கில் விரலைத் தொட்டு
என் ஐந்தை அழித்தாள்.
ஆறு போட்டாள்.
வால் கொஞ்சம் கோணல்.

வரிசையில் யாரும் கத்தவில்லை.
கடைசியில் நின்றவள் மட்டும் கேட்டாள்:
"போன வருஷம் எனக்கு எவ்வளவு?
அதற்கு முந்தின வருஷம்?"

பழைய ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன.
எல்லாம் என் கையெழுத்து, அழகான கையெழுத்து.
சரியான எடையை மட்டும்
நான் எங்குமே எழுதி வைக்கவில்லை.